காத்தான்குடிக்கு வந்த பிரெஞ்சுக் கடிதம்

காலை ஒன்பது மணிக்கு மட்டக்களப்பில் பஸ் ஏறினேன். காத்தான்குடி நான்கு மைல்கூட இல்லை. கட்டணம் பத்துச் சதம். கல்லடிப் பாலத்தில் ஏறியதும் இரு பக்கமும் வாவி விரிந்தது. காரைக்காலில் அரசலாற்றைப் பெரிதென்று எண்ணி வளர்ந்தவன் நான், வாயடைத்துப் போனேன்.

பக்கத்தில் துணிமூட்டையோடு இருந்தவர் காசிம். இளைஞர், வாய் ஓயாதவர்.

"வாற மாசம் எனக்குக் கலியாணம். கட்டாயம் வரவேணும். எனக்குக் கூடப்பிறந்த பொம்புளப்புள்ள இல்ல, பாரமும் இல்ல" என்றார். இந்தப் பக்கத்தில் தங்கைகளுக்கு வீடு கட்டிக் கொடுத்த பிறகே ஆண்பிள்ளை மாப்பிள்ளையாவது வழக்கமாம்.

நான் பிரெஞ்சு வாத்தியார் என்றதும் அவர் முகம் மாறிவிட்டது. "கொஞ்சம் ஊட்ட வாங்க மாஸ்டர்" என்று கையைப் பிடித்து இறக்கித் தன் வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அவருடைய தகப்பனார் வியாபாரத்துக்குப் பிரெஞ்சுக்காரர் ஆளும் சைகோன் போய், அங்கேயும் மணம் முடித்து, போன வருடம் அங்கேயே காலமானவர். இரண்டு மாதத்துக்கு முன் அங்கிருந்து ஒரு பிரெஞ்சுக் கடிதம் வந்திருக்கிறது. பட்டணத்தில் பிரெஞ்சுப் பாதிரிமார் இருந்தும் தாயார் ஆசியா உம்மா அதை வெளியே விடவில்லை.

"தென்னந்தோட்டத்துல பங்கு கேட்டிரிப்பாளுகள்" என்று முணுமுணுத்தபடியே பெட்டியைத் திறந்து எடுத்துக் கொடுத்தார்.

பிரித்தால், என் வகுப்புப் பிள்ளைகள் தினமும் ஒப்பிக்கும் பாடமேதான்! "என் பெயர் மரியம். எனக்கு வயது பதினான்கு. பன்னிரண்டு வயதில் ஒரு தங்கை இருக்கிறாள். எங்களுக்குச் சகோதரன் இல்லை. அப்பாவின் ஊரில் எங்களுக்கு யார் யார் இருக்கிறார்கள்? பெயர்களை எழுதுவீர்களா?"

அவ்வளவுதான். பங்கு கிங்கு எதுவும் இல்லை. எத்தனையோ வருடமாக நான் கரும்பலகையில் எழுதி அழிக்கும் வாக்கியங்கள். வரி வரியாகத் தமிழில் சொன்னேன்.

ஆசியா உம்மா கடிதத்தைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். பிறகு, "சகோதரன் இல்லையெண்டா எழுதியிரிக்கி?" என்று கேட்டார்.

"ஆமாம்மா."

"அவளுகளுக்குத் தெரியா. காக்கா ஒருவன் இரிக்கான், பேர் காசிம் எண்டு எழுதுங்க."

மகனை ஒருமுறை பார்த்தார். காசிம் தலையசைத்தார். சக்களத்தியின் பிள்ளைகளுக்கு இப்படி வாய் நிறைய ஒரு அண்ணனைக் கொடுத்த பெண்ணை நான் வேறெங்கும் கண்டதில்லை. அவர் சொன்னபடியே பதில் எழுதிக் கொடுத்தேன்.

மாலை நான்கு மணி பஸ்ஸுக்குக் காசிம் வழியனுப்ப வந்தார். எங்கள் ஊரில் இப்படியொரு கடிதம் வந்தால் நேரே வக்கீல் வீட்டுக்குத்தான் போகும் என்று நினைத்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தேன். பஸ் நகர்ந்ததும் அவர் கூடவே ஓடிவந்து சொன்னார்:

"மாஸ்டர், கலியாணம் இப்ப இல்ல. ரெண்டு ஊடு கட்டவேணும்!"