மூன்றாண்டுத் திட்டத்தில் இரண்டு கட்டில்கள்

ராக்கெட், நிலா வண்டி, சின்னத் தொலைநோக்கி என்று ஆகாயத்தைப் பொம்மையாக்கி விற்கிற கம்பெனி எங்களுடையது. பாலக்காட்டுப் பக்கம் நல்லேப்பிள்ளிக்கு வெளியே, வயல்களுக்கு நடுவே ஒரு தகரக் கொட்டகையில் இருக்கிறது. அடுத்த மூன்று வருஷம் என்ன செய்வது, எங்கே விற்பது என்று திட்டம் எழுதும் வேலை போன வருஷம் என் தலையில் விழுந்தது. சந்தோஷமாகத்தான் எழுதினேன். எட்டாம் பக்கத்தில் மட்டும் சந்தோஷம் கொஞ்சம் அதிகம்.

எட்டாம் பக்கத்தில், மலைமேல் இருக்கும் மாட்டுப்பட்டியில் ஒரு கிளை போட்டிருந்தேன். அணை பார்க்க வருகிறவர்களுக்குத் தொலைநோக்கி விற்கலாம், ஜூனில் திறக்கலாம், உயரமான இடம் என்பதால் நட்சத்திரம் பளிச்சென்று தெரியும் என்றெல்லாம் எழுதி, பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரையே போட்டுக்கொண்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது அங்கே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு ஒன்றில். அம்மாவும் அப்பாவும் போனபிறகு அக்கா அதே வீட்டில் இருந்துகொண்டு கொழுந்து கிள்ளினாள். தோட்டத்தில் வேலை இருக்கும்வரைதான் வீடு. அந்த வருஷம் டிசம்பரில் அவளுக்கு ஓய்வு. திருப்பூருக்கு மகனிடம் போய்விடுவாள். அதன்பிறகு மலையில் எனக்கென்று ஒரு வாசல் இருக்காது. பாலக்காட்டுக்கு வந்து இருபது வருஷம் ஆகிறது. இன்றும் யாராவது "ஊருக்குப் போகலையா?" என்று கேட்டால் அந்த ஒற்றை அறைதான் கண்ணில் நிற்கும். அது எனக்கு வேண்டும். வேறு வழி தெரியாமல் கம்பெனித் திட்டத்துக்குள் சொருகினேன்.

படித்துப் பார்த்த முதலாளியம்மா ஒன்றே ஒன்று கேட்டார்.

"ஏனுங்க, மழைக்காலத்துல மேல வானம் தெரியுங்களா?"

"நான் பொறந்த ஊரு மேடம், எனக்குத் தெரியாதா?" என்றேன். கோபம்கூட வந்தது. இருந்தாலும் ஒரு வார்த்தை கேட்டுவைப்போம் என்று அன்று சாயங்காலம் அக்காவுக்கு போன் செய்து கிளை விஷயத்தைச் சொன்னேன்.

"ஏட்டி, உனக்கு என்ன கிறுக்கா? ஆடி மாசம் மஞ்சு எறங்குனா பக்கத்து வீட்டுக்காரி மொகமே தெரியாது. இவளுக்கு நட்சத்திரம் தெரியணுமாம்!"

சிரித்து முடித்தாள். பிறகு சொன்னாள்: "எனக்காவ கடை கிடைன்னு ஒண்ணும் போட்டுறாத. நான் மனசத் தேத்திக்கிட்டேன். நீயும் தேத்திக்க."

என் நினைவில் இருந்தது தை மாச வானம் மட்டும். மழை, மஞ்சு என்கிற பனிமூட்டம், அடுப்படியில் தொங்கியும் காயாத துணியின் நாற்றம் எல்லாவற்றையும் ஏக்கம் துடைத்துப் போட்டிருந்தது. திட்டம் எழுதிச் சம்பளம் வாங்குகிறவளுக்கு இது அசிங்கம்தான்.

மறுநாள் எட்டாம் பக்கத்தை எடுத்துவிடலாம் என்று முதலாளியம்மாவிடம் போய் நின்றேன்.

"நானே கேக்கோணும்னு இருந்தனுங்க. கிளைக்கு வேணுங்கற சாமான்ல ரெண்டு கட்டில், ஒரு அடுப்புன்னு போட்டிருக்கறீங்க. பொம்மைக் கடைக்கு ரெண்டு கட்டில் எதுக்குங்க?"

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன், அதுவும் பட்டியல் போட்டு.

"ஒண்ணு எங்க அக்காவுக்கு மேடம்" என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினார். பேனாவை எடுத்து எட்டாம் பக்கத்தின் மேல் குறுக்கே ஒரு கோடு போட்டார். மற்றதெல்லாம் நல்லாயிருக்கிறது என்றார்.

"டிசம்பர்ல லீவு எடுத்துக்கோங்க. அக்கா கூட இருந்து அனுப்பி வச்சுட்டு வாங்க."

போனேன். கடைசி நாள் விடியுமுன்பே சாமான் ஏற்றிய வண்டி வாசலில் நின்றது. அக்கா வீட்டைப் பூட்டி, சாவியை ஆபீசில் ஒப்படைக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்தாள். மஞ்சு துளியும் இல்லை. மேலே அத்தனை நட்சத்திரம், நான் எழுதியிருந்த மாதிரியே.

அக்காவும் அண்ணாந்து பார்த்தாள். "ஏட்டி, உன் திட்டத்துல மாசத்த மட்டுந்தான் தப்பாப் போட்டுட்ட."

சிரித்தோம். டிரைவர் ஹாரன் அடித்தார். "இரு, ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு, பழக்கத்தில் திரும்பிப் போய்க் கதவைத் தள்ளினேன்.