மேஜர் கந்தப்புவின் பதவி உயர்வுகள்

எங்கள் அத்தான் குணசேகரத்தின் தகப்பனார் கந்தப்பு, பிரித்தானிய இராணுவத்தில் மிக வேகமாக உயர்ந்தவர். செத்து முப்பது வருடம் கழித்து, ஜெர்மனியில், எசன் நகரில் அந்த உயர்வெல்லாம் கிடைத்ததுதான் சிறப்பு. இலங்கையில் தியத்தலாவை முகாமில் இருந்த வெள்ளைக்காரர்கள் அவருடைய திறமையைக் கண்டுகொள்ளவில்லை. பதினெட்டு வருடம் அதிகாரிகளின் குசினியில் சூப்புக் காய்ச்ச விட்டுவிட்டுக் கப்பலேறிப் போய்விட்டார்கள். அந்த அநியாயத்தை அத்தான்தான் சரிசெய்தார்.

1990இல் அத்தானுக்கு அகதி என்ற அங்கீகாரம் கிடைத்தது. அந்தக் கிழமையே கந்தப்பு சார்ஜன்ட் ஆனார். இரண்டு வருடத்தில் அகதி முகாமை விட்டு மூன்று அறை வீட்டுக்கு வந்தார்கள். மூன்று அறை வீட்டில் வெறும் சார்ஜன்ட்டை வைத்திருக்கலாமா? லெப்டினன்ட் ஆக்கினார். பழைய கார் ஒன்று வாங்கியபோது கப்டன். மகள் பிரபாலினி வங்கியில் அவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சி முடித்து வேலைக்குப் போன வருடம் மேஜர். ஒரு குண்டு வெடிக்கவில்லை, ஒரு எதிரி சாகவில்லை.

அத்தானுக்குப் பெரிய கன்டீன் ஒன்றில் அண்டா கழுவுகிற வேலை. வெளியாட்களுக்கு அது 'நிர்வாகம்'. அக்கா பவளமும் நானும் அத்தானின் ஊர்தான். சின்ன வயதில் கந்தப்பு செய்த புடிங்கை ஆளுக்கு இரண்டு துண்டு தின்றவர்கள். அக்கா புருஷனுக்காகப் பேசாமல் இருந்தாள். எனக்கு எப்போதுமே பேச்சு வராது.

சுவரில் மேஜரின் படம் இருந்தது. நெஞ்சுக்குக் கீழே வெட்டி, பெருப்பித்து, சட்டம் போட்டது. பக்கத்தில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் பாதி முகம் தெரியும். பாதி மீசை, ஒரு கண். வெள்ளைக்காரன் கொஞ்சம் இருந்தால்தான் ஆட்கள் நம்புவார்கள் என்று அத்தான் அளந்து விட்டிருந்தார்.

1997 சித்திரையில் பிரபாலினியின் கலியாணம் பேச ஹம்பேர்க்கில் இருந்து நவரத்தினமும் அவர் மனைவி மல்லிகாவும் வந்தார்கள். அவர்களுடைய மகன் சஞ்சயனும் இவளும் இரண்டு வருடமாகத் தொலைபேசியில் கதைக்கிறவர்கள். முதல்நாள் அவள் என்னிடம் சொன்னாள், "சித்தி, இது பிழைச்சா எனக்குக் கலியாணமே வேண்டாம். அப்பாவைக் கொஞ்சம் அடக்கி வாசிக்கச் சொல்லுங்கோ." மேஜரின் மகனை அடக்குகிற தைரியம் எனக்கு எங்கே?

நவரத்தினம் கோட்டைக் கழற்ற முன்னமே தொடங்கினார்.

"எங்கடை அப்பாவும் ஆமிதான் அண்ணை. கப்டன் வல்லிபுரம். தியத்தலாவை."

"அட! அப்ப எங்கடை அப்பாவுக்குக் கீழை வேலை செய்திருப்பார்" என்றார் அத்தான்.

மல்லிகா கைப்பையில் இருந்து ஒரு படத்தை எடுத்தாள். மேசையில் வைத்த உடனே நான் கண்டேன். அதே சுவர், அதே பூச்சாடி, அதே வெள்ளைக்காரனின் மற்றப் பாதி. வல்லிபுரமும் நெஞ்சுக்குக் கீழே இல்லை, தோளில் மயிர் வெட்டுகிறவரின் துண்டு மட்டும் தப்பியிருந்தது. கையில் இருந்த கத்தரிக்கோலும் சீப்பும் ஹம்பேர்க்கில் ஏதோ ஒரு குப்பை வாளிக்குள் போயிருக்கும். எங்களுடையவர் கையில் ஏந்தி நின்ற சூப்புத் தட்டம் எசனில் போனது போல. பாவம் அந்த அதிகாரி. எத்தனை நாட்டை ஆண்டாரோ தெரியாது, கடைசியில் ஒரு கண் எசனிலும் ஒரு கண் ஹம்பேர்க்கிலும் உத்தியோகம் பார்த்தது.

அத்தான் சுவரைப் பார்த்தார். நவரத்தினமும் பார்த்தார். பிறகு இருவரும் பலகாரத் தட்டைப் பார்த்தார்கள்.

"ஒரே இடத்திலை எடுத்த படம்போலை கிடக்கு" என்றாள் மல்லிகா.

"ஒரே றெஜிமென்ற்" என்றார் அத்தான்.

"ஓம், ஓம். ஒரே றெஜிமென்ற்" என்றார் நவரத்தினம்.

உண்மை அதோடு அடக்கமாகிவிட்டது. இனிச் சம்பந்தம் முடிந்தது என்று நினைத்தேன். அப்போதுதான் கலியாணக் காட் பேச்சு வந்தது.

"ரெண்டு அப்பப்பாமாரின்ரை பேரும் பதவியோடை போடவேணும்" என்றார் நவரத்தினம். "ஆனா பொம்பிளைப் பக்கம் மேஜர், மாப்பிள்ளைப் பக்கம் கப்டன் எண்டு போட்டா நாலு சனம் சிரிக்கும் அண்ணை."

"அதுக்கு நான் என்ன செய்ய? பதவியை நானே குடுத்தனான்? வெள்ளைக்காரன் குடுத்தது."

"அப்ப நாங்கள் பொம்பிளை வீட்டுக்குச் சலூட் அடிச்சுக்கொண்டு வரோணுமே?"

"சட்டம் அப்பிடித்தானே!"

"மல்லிகா, கோட்டை எடும். ஒரு மணிக்கு ஒரு ரயில் இருக்கு."

மல்லிகா எழும்பினாள். தேத்தண்ணித் தட்டோடு வந்த பிரபாலினி வாசலிலேயே நின்றுவிட்டாள். அவள் யாரையும் பார்க்கவில்லை, தகப்பனை மட்டும் பார்த்தாள். அத்தான் சுவரில் இருந்த மேஜரைப் பார்த்தார். ஏழு வருட உழைப்பு அல்லவா! எத்தனை விருந்துகளில், எத்தனை பேருக்கு முன்னால், படிப்படியாக ஏற்றிய மனிதர்.

"இருங்கோ நவரத்தினம்" என்றார். "நான் பிழையாச் சொல்லிப்போட்டன். மேஜர் எண்டது கடைசியிலை சும்மா மரியாதைக்குக் குடுத்தது. அப்பா சம்பளம் எடுத்தது லெப்டினன்டாத்தான்."

ஒரே மூச்சில் இரண்டு படி இறக்கிவிட்டார். இதை எந்த இராணுவ நீதிமன்றமும் செய்திருக்காது.

நவரத்தினம் கோட்டை மெதுவாகக் கதிரையில் போட்டார். தாராளம் பொங்கியது அவருக்கு. "அப்ப லெப்டினன்ட் எண்டே போடுவம். எங்கடையவருக்கும் கடைசியிலை மேஜர் எண்டு ஏதோ கடுதாசி வந்ததாம், தேடிப் பாக்கிறன்."

"தேடுங்கோ, கட்டாயம் கிடக்கும்" என்றார் அத்தான்.

ஆவணியில் நல்ல நாள் ஒன்றைக் குறித்துவிட்டு அவர்கள் மூன்று மணி ரயிலில் போனார்கள். அத்தான் குசினிக்குள் வந்து ஒரு கிளாஸ் தண்ணீர் குடித்தார்.

"அப்பா குறை நினைக்கமாட்டார், என்ன?" என்று அக்காவைக் கேட்டார்.

"உங்கடை அப்பா ஆரையும் குறை நினைச்சவரே?" என்றாள் அக்கா.

அத்தான் தலையை ஆட்டினார். வெளி அறையில் பிரபாலினி ஹம்பேர்க் இலக்கத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அவசரத்தில் பிழைத்து, மறுபடி முதலில் இருந்து சுழற்றினாள்.