எலும்பு கூடும்வரை

மயிலத்திலிருந்து திண்டிவனம் போகும் சாலையில் ஓடிக்கொண்டிருந்தபோது அந்த வலி முதன்முதலாக வந்தது. வலது தொடை இடுப்போடு சேரும் இடத்தில், ஆழத்தில், யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல. நின்றால் போய்விடும், ஓடினால் திரும்பி வரும். சதைப்பிடிப்பு என்று எண்ணித் தைலம் தேய்த்துக்கொண்டு ஓடினேன்.

நான் பத்தாயிரம் மீட்டர் ஓடுபவள். அப்போது எங்கள் மாவட்டத்தில் அந்தத் தூரத்தில் என்னை முந்த ஆளில்லை. மாநிலப் போட்டிக்குத் தேர்வாகியிருந்தேன். அம்மா மல்லாட்டைக் கொல்லைகளில் (நிலக்கடலை வயல்களில்) களையெடுக்கப் போகிறவள். ஒரு நாள் காலை நான் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

“இன்னாடி, நொண்டிக்கினு வர்ற?”

“ஒண்ணுமில்லம்மா.”

“ஒண்ணுமில்லாமயா கால இழுத்துக்கினு வர்ற? கெளம்பு, விழுப்புரம் போவலாம்.”

விழுப்புரத்தில் எங்களைப் பார்த்த எலும்பு மருத்துவர் ஒரு பெண். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை. அவர் விடாமல் எம்.ஆர்.ஐ. (காந்தப்புலத்தால் உடலின் உட்பகுதியைப் படமெடுக்கும் சோதனை) எடுக்கச் சொன்னார். அதில் தெரிந்தது: தொடை எலும்பின் கழுத்தில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் (ஓயாத சுமையால் எலும்பில் விழும் மெல்லிய விரிசல்).

“இனிமே ஓடுனா முழுசா ஒடஞ்சிடும்மா. அப்புறம் ஆபரேஷன்தான்,” என்றவர், நான் எதிர்பாராத ஒன்றைக் கேட்டார். “பீரியட்ஸ் ஒழுங்கா வருதா?”

அம்மா என்னைப் பார்த்தாள்.

“ஒரு வருஷமா வரலைங்க,” என்றேன்.

நாங்கள் யாரும் அதை நோயாக நினைத்ததில்லை. கூட ஓடும் பெண்கள் ‘குடுத்து வச்சவ’ என்பார்கள். பயிற்சி உடம்பில் ஏறிவிட்டதற்கு அடையாளம் அது என்றே நம்பியிருந்தோம்.

மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஓட்டத்தில் செலவாகும் அளவுக்குச் சாப்பாடு உள்ளே போகாவிட்டால், உடம்பு சில வேலைகளை நிறுத்திவிடும். மாதவிலக்கு நிற்கும். ஈஸ்ட்ரோஜன் (சூலகத்தில் சுரக்கும் ஹார்மோன், எலும்புக்கும் அதுதான் காவல்) குறையும். எலும்பு மெலியும். எடை ஏறக் கூடாதென்று நான் இரவுச் சோற்றை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது.

“மூணு வேளையும் ஆக்கிதாங்க வைக்கிறேன். இவதான் துன்ன மாட்டேங்கிறா,” என்றாள் அம்மா.

ஊன்றுகோல்களோடு வீடு திரும்பினேன். மறுநாள் கோச் சார் வந்தார். என்மேல் அக்கறை உள்ளவர்தான். ஆனால் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது.

“வலிக்கு ஊசி போட்டுக்கினு இந்த ஒண்ணு மட்டும் ஓட முடியுமான்னு டாக்டரக் கேளேம்மா.”

“கேக்க மாட்டேன் சார். இந்தக் காலு ஒரு போட்டிக்கு மட்டும் இல்ல.”

அவர் என் ஊன்றுகோல்களைப் பார்த்தார். பிறகு, “சரிம்மா. நடக்க ஆரம்பிச்சதும் சொல்லு,” என்று எழுந்தார். நான் வென்ற எந்த ஓட்டத்தையும்விட அந்தப் பதிலில்தான் எனக்குப் பெருமை அதிகம். போட்டியன்று அழுதேன், அது வேறு.

சாப்பிடுவதுதான் சிகிச்சையிலேயே கடினமாக இருந்தது. கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, முட்டை. தட்டைப் பார்த்தாலே பயமாக இருக்கும். கன்னம் உப்பியது, டிராக் பேண்ட் இறுகியது. கண்ணாடியைத் தவிர்த்தேன். எலும்பு கூடிவிட்டது என்று மருத்துவர் சொன்ன பிறகும் அந்தப் பயம் போகவில்லை.

சில மாதம் கழித்து ஒரு காலை, மாதவிலக்கு வந்தது. அம்மாவிடம் சொன்னேன். அவள் உள்ளே போய்க் கறுப்பு உளுந்தை வறுக்க ஆரம்பித்தாள். களி கிண்டி, நடுவில் குழித்து நல்லெண்ணெய் ஊற்றிக் கையில் கொடுத்தாள்.

“நீ வயசுக்கு வந்தப்பகூட நான் இவ்ளோ சந்தோசப்படலடி.”

முதலில் நடை, பிறகு நடையும் ஓட்டமும், பிறகு ஓட்டம். அடுத்த ஆண்டு மாவட்டப் போட்டிக்கு விழுப்புரம் மைதானத்தில் நின்றபோது, “குண்டாயிட்டா பாரு” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. வெகுதூரம்வரை மூன்றாவதாகவே ஓடினேன். கடைசி இரண்டு சுற்றில் முன்னே இருந்த இருவரும் தளர்ந்தார்கள். எனக்கு இன்னும் மிச்சம் இருந்தது. கம்பி வேலிக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா, “ஜல்தி போடி!” என்று கத்தினாள். முதலாவதாக வந்தேன். பழைய நேரத்தைவிடச் சற்றுக் கூடுதல்தான். ஆனால் கடைசிச் சுற்றில் இவ்வளவு பலம் என் கால்களில் அதற்கு முன் இருந்ததே இல்லை.

இதைப் படிக்கும் நீங்கள் ஓடும் பெண்ணாக இருந்து, மாதவிலக்கு நின்றிருந்தால், தயவுசெய்து மருத்துவரிடம் போங்கள். கோச் ஆணாக இருந்தாலும் அவரிடமும் சொல்லுங்கள். நான் சொன்ன பிறகு, எங்கள் கோச் சார் எல்லாப் பெண்களிடமும் அதைக் கேட்கிறார்.

போட்டிக்கு மறுநாள் நான் ஓடவில்லை. வெயில் ஏறும்வரை படுத்திருந்தேன். தொடை கனத்திருந்தது, நல்ல கனம். முன்பெல்லாம் என் காலம் அடுத்த போட்டியோடு முடிந்துவிடும், அதற்கப்பால் யோசித்ததில்லை. அன்று படுத்தபடியே நாற்பது வயதில் எப்படி ஓடுவேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பசித்தது. எழுந்து போய்ச் சோறு போட்டுக்கொண்டேன்.