புதன்கிழமைத் தட்டு

இரண்டு கையிலும் தட்டு. முழங்கையால்தான் கதவைத் தள்ளுகிறார் ஒசெல்லா ராக்மோர். பொரித்த கோழி, மக்ரோனி, வேகவைத்த கீரை. புதன்கிழமை என்றால் எங்கள் கறுப்பினப் பல்கலைக்கழகத்தில் கோழிதான். உணவுக்கூட வரிசை வாசலைத் தாண்டி நிற்கும். விடைத்தாளில் மூக்கைப் புதைத்திருக்கும் ஆசிரியர்களுக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். அவருடைய வேலை என்னவோ துறை அலுவலகத்தில் தட்டச்சும் தொலைபேசியும்தான்.

மாணவர்கள் எல்லோரும் அவருக்குக் "கண்ணு". ஆசிரியர்களை மட்டும் "டாக்டர்" இல்லாமல் கூப்பிடமாட்டார். "நம்ம ஆளுங்க பாடுபட்டு வாங்கின பட்டம். வெளியில எவன் வாய் நெறையச் சொல்றான்? நான் சொல்லுவேன்." அழகான வீம்பு அது.

சென்ற புதன்கிழமை கணித ஆசிரியர் பிராட்நாக்ஸ் தட்டைத் தொடவில்லை.

"பசியில்ல, மிஸ் ஒசெல்லா."

"புதன்கிழமை கோழிய வேணாங்கிறவன் ஒண்ணு செத்திருக்கணும், இல்ல ஊரைவிட்டுக் கிளம்பணும். நீங்க எது, டாக்டர்?"

தயங்கித் தயங்கிச் சொன்னார் அவர். தொலைவில் மேக்கன் நகரில் அவருடைய அம்மா பக்கவாதத்தில் கிடக்கிறார். திங்கள் முதல் புதன் வரை அக்கா பார்த்துக்கொள்வாள், சனி ஞாயிறு இவரே போய்விடுவார். அடுத்த வாரத்திலிருந்து வியாழன், வெள்ளிக்கு ஆளில்லை. வேலையை விடுவதாக முடிவு செய்துவிட்டார். அவர் போனால் கடைசி ஆண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு கிடையாது, மே மாதம் பட்டமும் கிடையாது.

"யார்கிட்டயாவது கேட்டீங்களா?"

"ஆளாளுக்குத் தலைக்கு மேல வேலை. எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கேக்கறது?"

"என் மூஞ்சி இருக்கு."

மறுநாள் ஒசெல்லா வலிக்கிற முழங்காலோடு மற்ற ஆசிரியர்களைக் கேட்டு மாடி மாடியாக ஏறினார். உண்மையிலேயே யாருக்கும் நேரமில்லை. வெள்ளி காலையில், ஓய்வுபெற்ற கணித ஆசிரியை டாக்டர் திரெட்கில் வீட்டு வாசலில் போய் நின்றார்.

"இப்பதான ஒசெல்லா, கேக்கு வெட்டிப் பாட்டுப் பாடி என்னை வழியனுப்பி வச்சீங்க?"

"பாட்டுத்தான் பாடுனோம். போகச் சொன்னோமா?"

அந்த அம்மாள் எவ்வளவோ மறுத்துப் பார்த்தார். ஒசெல்லா ஒற்றைக்காலில் நின்றார். கடைசியில் திரெட்கில், "சரி, வாரத்துக்கு ரெண்டு நாள்தான்!" என்று கத்திவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று மாலை பிராட்நாக்ஸ் தம் அறைச் சாவியை ஒசெல்லாவின் மேசைமேல் வைத்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வியாழன், வெள்ளி டாக்டர் திரெட்கில் வகுப்பப் பாத்துக்குவாங்க. நீங்க அம்மாகிட்ட இருங்க. திங்கக்கிழமை காலையில இங்க இருக்கணும்."

பிராட்நாக்ஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். ஒசெல்லா சாவியை எடுத்துக்கொண்டு நடந்தார். பிராட்நாக்ஸின் பூட்டிய அறைக்கு வெளியே ஒரு மாணவி நின்றிருந்தாள். ஒசெல்லா கதவைத் திறந்து, விளக்கைப் போட்டு, அவளுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உக்காரு கண்ணு. டாக்டர் வந்துட்டிருக்காரு."