பதக்கத்தின் ஓரம்

பதினோரு வயதில் என்னை யாராவது கொஞ்சம் அடக்கி வைத்திருக்கலாம். அம்மாவின் தம்பிக்கு அந்த உரிமை உண்டு. அவரோ எனக்குக் கொம்பு சீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

மாமா தாம்பரத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தார். மனசெல்லாம் பழைய ராணுவப் பதக்கங்களிலும் தொப்பிச் சின்னங்களிலும்தான். வெள்ளிக்கிழமையானால் கடையை ஆளிடம் விட்டுவிட்டுப் பல்லாவரம் சந்தைக்குப் போய், காயலான் சாமான்களுக்கு நடுவே குந்தி உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டு வருவார். பாதிக்கு மேல் போலியாக இருக்கும். மறுநாள் காலையில் அவற்றைத் துணியில் பரப்பி, லென்ஸ் வைத்துப் பார்த்துப் பிரிப்பார். நான் பக்கத்தைவிட்டு நகரமாட்டேன்.

"மூஞ்சில இன்னா கீதுன்னு பாக்காத, ஓரத்தப் பாரு" என்பார். அசல் பதக்கத்தின் விளிம்பில், அதைப் பெற்றவரின் எண்ணும் பதவியும் பெயரும் பொறித்திருக்கும். போலியில் விளிம்பு மொட்டையாக இருக்கும். சில சமயம் வார்ப்புக் கோடு நகத்தில் தட்டும். ஒருநாள் தொடர்ந்து ஐந்து பதக்கங்களைத் தப்பில்லாமல் பிரித்துக் காட்டினேன். அன்றிலிருந்து மாமா என்னை இன்ஸ்பெக்டரம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா பள்ளியில் வாங்கிய ஷீல்டு, பக்கத்து வீட்டு அக்காவின் கொலுசு என்று எதையும் நான் விட்டுவைக்கவில்லை.

அந்த வருடம் சுதந்திர தினத்தன்று எங்கள் பள்ளியில் கொடியேற்ற என் பெரியப்பாவை அழைத்திருந்தார்கள். விமானப்படையில் இருபது வருடம் மெக்கானிக்காக இருந்துவிட்டு, கீழ்க்கட்டளையில் வீடு கட்டிக்கொண்டு வந்தவர். அதிகம் பேசமாட்டார். மேடை ஏறிப் பழக்கமில்லை. ஒரு வாரமாகக் கோட்டை வெயிலில் போடுவதும் பொத்தான்களைத் தேய்ப்பதுமாக இருந்தார் என்றும், பேச வேண்டியதை ஒரு தாளில் எழுதிப் பெரியம்மாவிடம் படித்துக் காட்டினார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

தலைமையாசிரியை அறை வாசலில் அவர் நின்றிருந்தார். மார்பில் நான்கு பதக்கங்கள் வரிசையாகத் தொங்கின. என் வகுப்புப் பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தொட்டுப் பார்க்கலாமா என்று கேட்க, அவர் சிரித்துக்கொண்டே குனிந்து காட்டினார். அவர் என் பெரியப்பா. ஆனால் என்னை யாரும் கவனிக்கவில்லை. அவ்வளவுதான் விஷயம். வேறு காரணம் சொல்லி மழுப்ப எனக்கு இப்போது இஷ்டமில்லை. முன்னால் போய் முதல் பதக்கத்தைத் திருப்பி, அதன் ஓரத்தை நகத்தால் தடவினேன். மொட்டை. அடுத்ததும் மொட்டை. நான்கும் அப்படியே.

"இதெல்லாம் டூப்ளிகேட். ஒரிஜினலா இருந்தா ஓரத்துல பேர் இருக்கும்" என்றேன். மெதுவாகச் சொல்லவில்லை. பி.டி. சாருக்கும் தலைமையாசிரியைக்கும் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னேன்.

பெரியப்பா நிமிர்ந்து கோட்டைச் சரிசெய்துகொண்டார். "ஆமாம்மா, கடையில வாங்கினதுதான்" என்றார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பி.டி. சார் அவசரமாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கொடி ஏறியது. மைக் முன்னால் நின்ற பெரியப்பா சட்டைப்பையில் இருந்த தாளை எடுக்கவே இல்லை. எல்லாரும் நல்லா படிங்க என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கினார். டீயும் குடிக்காமல், போர்த்திய பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோனார். நான் திருடனைப் பிடித்துக் கொடுத்தவளைப் போல மிட்டாய் சப்பிக்கொண்டு நின்றேன்.

நேராக மாமாவின் கடைக்குப் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடிப்பாவி. யாருனா ஒரிஜினல மாட்டிகினு வெளிய போவாங்களா? தொலைஞ்சா அவ்ளோதான். அத வூட்ல பூட்டி வச்சிட்டு, கடையில செய்யறத வாங்கி மாட்டிப்பாங்க. சர்வீஸ்ல முக்காவாசிப் பேரு அப்டித்தான்."

"நீங்க இத சொல்லவேயில்லயே மாமா."

"நீ போய் அவர் நெஞ்சுல கை வப்பேன்னு எனக்கு இன்னா தெரியும்?"

சாயங்காலம் அப்பா ஸ்கூட்டரில் என்னைக் கீழ்க்கட்டளைக்கு அழைத்துப் போனார். பெரியப்பா பனியனோடு வாசல் கேட்டைத் திறந்துவிட்டார். கோட்டு துணிக்கொடியில் தொங்கியது, பதக்கங்களைக் கழற்றியிருந்தார். சாரி பெரியப்பா என்றேன். "சின்னப் பொண்ணு, விடுப்பா" என்று அவர் அப்பாவிடம்தான் சொன்னார். பெரியம்மா எனக்கு முறுக்கு கொண்டுவந்து வைத்தார்.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் என் கண் உள்ளறை பீரோவையே சுற்றிக்கொண்டிருந்தது. சொல்லவே கூசுகிறது. மாமா சொன்னது நிஜம்தானா என்று பார்த்துவிட வேண்டும் எனக்கு. பெரியப்பா அதைக் கவனித்துவிட்டார். எழுந்து உள்ளே போனார். சாவி திரும்பும் சத்தம் கேட்டது. ஒரு சின்ன அட்டைப்பெட்டியோடு வந்து, அதை என் கையில் வைத்தார்.

"பாத்துக்கோ" என்றார்.

"அதெல்லாம் வேணாம்ணா" என்று அப்பா பதறினார். அதற்குள் நான் மூடியைத் திறந்துவிட்டேன். பஞ்சுக்குள் நான்கு பதக்கங்கள், பளபளப்பே இல்லாமல். ஒவ்வொன்றாக எடுத்து டியூப்லைட் வெளிச்சத்துக்குத் திருப்பி, எண், பதவி, பெரியப்பாவின் பெயர் என்று விரல் வைத்துப் படித்தேன். அவசரப்படவே இல்லை. நான்காவதையும் படித்து முடித்த பிறகு, நாலும் ஒரிஜினல்தான் என்று அறிவித்தேன். அதுவரை நின்றுகொண்டே இருந்த பெரியப்பா அப்போதுதான் உட்கார்ந்தார்.

திரும்பி வரும்போது எனக்கு மனசு லேசாக இருந்தது. இனிமேல் பெரியப்பாவை யாரும் எதுவும் சொல்ல முடியாது, நானே செக் பண்ணிட்டேன் என்று அப்பாவின் முதுகுக்குப் பின்னாலிருந்து சொன்னேன். அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். அந்தப் பெட்டியைத் திறக்காமலே பெரியப்பா கையில் திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியவில்லை.