ஆறு மணிக்கு நின்ற ஆட்டம்

டிரில் மாஸ்டர் தங்கவேல் இறந்த செய்தி வந்தபோது என் முகத்தில் பாதிச் சவரம்தான் முடிந்திருந்தது. வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு சவரிமுத்து உள்ளே வந்தான். ஒருகாலத்தில் எங்கள் கல்லூரிக் கால்பந்து அணிக்குத் தலைவனாக இருந்தவன், இப்போது துறைமுகத்தில் குமாஸ்தா. கண்ணாடியில் தெரிந்த என் முகத்தைப் பார்த்தே சொன்னான்.

"மாஸ்டர் விடியக்காலம் போயிட்டாரு சார். காய்ச்சல் நெஞ்சுல எறங்கிட்டுன்னு டாக்டர் சொல்லுதாரு."

சோப்பைத் துடைத்துக்கொண்டு அப்படியே கிளம்பிவிட்டேன். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று நடந்தேன். மறுபாதிச் சவரம் மறுநாள்தான் நடந்தது.

மாஸ்டரை அறிந்தவர்கள் தூத்துக்குடியில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேருக்கு அவர் 'தோற்கிற மாஸ்டர்'. சாவு வீட்டு வாசலில்கூட அந்தப் பெயரை ஒருவர் சிரித்துக்கொண்டே சொன்னார். அவரிடம் சண்டைக்குப் போகாமல் வந்தது என் வயதுக்குக் கிடைத்த புத்தி. அந்தச் சண்டையைத்தான் இப்போது எழுத்தில் போடுகிறேன்.

நான் கணக்கு வாத்தியார். இன்டர்மீடியட் வகுப்புகள் மட்டுமே இருந்த எங்கள் சின்னக் கல்லூரியில் விளையாட்டுக் கமிட்டி ஒன்று உண்டு. அதன் கூட்டத்துக்கு ஒருநாள் தாமதமாகப் போனேன். போய்ச் சேருவதற்குள் என்னைச் செயலாளராக்கி வைத்திருந்தார்கள். கால்பந்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. முதல் ஆட்டத்தில் நான் உற்சாகமாகக் கைதட்டியது எதிரணி போட்ட கோலுக்கு. சுற்றியிருந்தவர்கள் முறைத்தார்கள். பக்கத்தில் நின்ற புது டிரில் மாஸ்டர் மட்டும், "தட்டுங்க சார்வாள், நல்ல கோலுதான்" என்றார். அப்படித்தான் நாங்கள் நண்பர்களானோம்.

அவருக்குச் சாத்தான்குளம். அங்கே அண்ணனுக்குக் கருப்பட்டி மண்டி இருந்தது. பந்து, பந்து என்று அலைந்து முழங்காலைக் கெடுத்துக்கொண்ட தம்பிக்கு அந்த மண்டியில் ஓர் இடம் எப்போதும் காலியாகவே இருந்தது. அந்தக் காலியிடத்தை நினைத்தால்தான் மாஸ்டருக்குப் பயம். "தராசு பிடிச்சா ஒரே இடத்துல நிக்கணும் சார்வாள், நம்மால ஆவாது" என்பார்.

அவர் வந்தபோது எங்கள் அணி எப்படி இருந்தது என்று சொல்ல வேண்டும். கடலோரத்துப் பையன்கள் ஒரு கூட்டம், கடைத்தெருப் பையன்கள் ஒரு கூட்டம், காயல்பட்டினத்திலிருந்து வந்து தங்கிப் படித்த இரண்டொருவர் தனி. பந்து எப்போதும் தன் கூட்டத்துக்குள்ளேயே சுற்றும். கோலுக்கு முன்னால் ஒருவன் தனியாக நின்று கையை ஆட்டினாலும், அவன் வேறு தெருக்காரனாக இருந்தால் பந்து போகாது. மாஸ்டர் திட்டவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத்தான் பந்தைக் கொடுக்க வேண்டும் என்று பயிற்சியில் ஒரு விதி வைத்தார். அப்போதுதான் தெரிந்தது, ஒரே அணியில் ஆடுகிறவர்களுக்கு ஒருவர் பேர் ஒருவருக்குத் தெரியவில்லை. "ஏலே" என்றால் எல்லாரும் திரும்பினார்கள். பேர் பழகவே ஒரு வருஷம் ஆனது. அதற்குள் வந்த ஆட்டங்களில் எல்லாம் உதை வாங்கினோம்.

பேர் பழகியதும் வேறொரு தொல்லை. அதை நீங்கள் அறிவீர்கள். வெளியூர் அணிகள் ரயிலில் வரவேண்டும், ரயில் தாமதமாகும், ஆட்டம் ஆறு மணியைத் தாண்டும். ஆறு மணிக்குக் கிழக்கே கடற்கரை மாதா கோயிலில் மணி அடிக்கும். கடலில் வலையை இழுத்துக்கொண்டிருக்கிறவன்கூட அந்த மணிக்குத் தலைப்பாகையை எடுத்துவிட்டு நிற்கிற ஊர் இது. எங்கள் அணியில் முக்கால்வாசிப் பேர் அப்படி நிற்கிற வீட்டுப் பிள்ளைகள். மணி கேட்டதும் காலில் பந்து இருந்தாலும் விட்டுவிட்டு, தலை குனிந்து, செபம் முணுமுணுத்து, சிலுவை போட்டுக்கொண்டுதான் நிமிர்வார்கள். நடுவர் ஆட்டத்தை நிறுத்தி விசில் ஊத மாட்டார். எதிரணிக்காரன் நிற்கிறவர்களுக்கு நடுவே பந்தை உருட்டிக்கொண்டு போய் கோலுக்குள் வைத்துவிட்டு வருவான். கச்சான் காற்று மேற்கேயிருந்து அடிக்கிற நாளில் மணிச்சத்தம் மைதானத்துக்கு வராது. அந்த நாட்களில் நாங்கள் ஜெயித்ததும் உண்டு.

மூன்றாம் வருஷக் கடைசியில் கமிட்டி கூடியது. மாஸ்டருக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுப்பதா, அனுப்பிவிடுவதா என்பது மட்டும்தான் பேச்சு. பந்தும் சட்டையும் வாங்கிக் கொடுக்கும் கப்பல் ஏஜண்ட் ஒருவர் கமிட்டியில் இருந்தார். மாதா கோயிலில் முன்வரிசைக்காரர், எல்லாருக்கும் அண்ணாச்சி. அவர்தான் முதலில் பேசினார்.

"தங்கமான மனுசன், இல்லேங்கல. தங்கமான மனுசன்னா வீட்டுக்குக் கூப்பிட்டு ஒருவேளச் சாப்பாடு போடுவோம். அதுக்காவ டீம அவர்ட்டயே விட்டு வைக்கணுமா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிடும். "கடலோரத்துப் பையன் கடைத்தெருப் பையனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பந்து கொடுக்கிறான் அண்ணாச்சி. இந்த ஊர் உண்டான நாளிலிருந்து நடக்காதது. அதை அவர் மூன்று வருஷத்தில் செய்திருக்கிறார். நடப்பதற்கு நேரமாகிற வேலைக்கு நேரம் கொடுக்கத்தான் வேண்டும்" என்றேன்.

"குடுக்கட்டும். கோலுக்குள்ள யாரு குடுக்கது? மணி அடிச்சா செல கணக்கா நிக்கானுவ. மனசுக்குள்ள சொல்லிக்கிட்டே ஓட வேண்டியதுதான? நானும் செபம் சொல்லுதவந்தான். ஓடிக்கிட்டே சொன்னா மாதா கோவிச்சுக்கிட மாட்டா."

முதல்வர் வெகுநேரம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒரு முடிவு சொன்னார். ஒரு வருஷம் கொடுக்கலாம், ஆனால் மணிக்கு நிற்கக் கூடாது என்று மாஸ்டர் பையன்களுக்கு உத்தரவு போட வேண்டும். எனக்கு நிம்மதி. இதைவிடச் சுலபமான நிபந்தனை உண்டா?

செய்தியை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடினேன். மாஸ்டர் வாளித் தண்ணீரில் பந்துக்குள் இருக்கும் ரப்பர் பிளாடரை அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். யுத்தம் முடிந்தும் புது பிளாடர் கிடைக்காத காலம், ஒவ்வொன்றும் ஒட்டுக்கு மேல் ஒட்டுடன் கிடந்தது. நான் சொன்னதைக் கேட்டதும் அவர் கை தண்ணீருக்குள்ளேயே நின்றுவிட்டது.

"நிக்காதீங்கலேன்னு நான் சொன்னா நிக்க மாட்டானுவ சார்வாள். எம்மேல அம்புட்டு மருவாதி. அதான் சொல்ல முடியாதுங்கேன்."

"வேலை போய்விடும் மாஸ்டர்."

"எனக்கு இந்த வேல வேணும். ராத்திரி படுத்தா அதே நெனப்புதான். ஆனா சின்னப்பிள்ளையில ஆத்தா கையப் பிடிச்சுச் சொல்லிக் குடுத்தத, ஒரு பந்துக்காவ விட்டுருலேன்னு நான் எப்பிடிச் சொல்ல?"

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. அவர் கும்பிடுகிற சாமி திருச்செந்தூரில் இருக்கிறது. அந்த மணிக்காக இவர் ஏன் வீம்பு பிடிக்க வேண்டும்? "அப்படியானால் போய்க் கருப்பட்டி நிறுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் என் வீட்டு வாசலில் நின்றார், கண் சிவந்திருந்தது.

"பையம்மாரு நிக்கட்டும் சார்வாள். மணி அடிக்கையில பந்து களத்துக்குள்ள இருக்காது. அதுக்கு நான் பொறுப்பு. இத மட்டும் கமிட்டில சொல்லிப் பாருங்க."

சொன்னேன். ஏஜண்ட் அண்ணாச்சி உதட்டைப் பிதுக்கினார். முதல்வர் மறுபடியும் மின்விசிறியைப் பார்த்தார். கடைசியில், போனால் போகிறது என்று அந்த வருஷத்தைக் கொடுத்தார்கள்.

அவர் செய்தது இவ்வளவுதான். மணி நெருங்கும்போது எல்லைக் கோட்டுக்கு வெளியே நின்று தொப்பியைக் கழற்றுவார். அதைப் பார்த்ததும் எங்கள் பையன் யார் காலில் பந்து இருந்தாலும் ஓங்கி வெளியே அடித்துவிட வேண்டும். மைதானத்தைச் சுற்றி முள்ளடர்ந்த உடைமரக் காடு. பந்தைத் தேடி எடுத்து வருவதற்குள் மணி முடிந்துவிடும். முள் குத்திப் பந்து சப்பென்று ஆகிவிடுவதும் உண்டு. "கோலுக்குத் தப்பிச்சது முள்ளுல மாட்டிக்கிட்டு" என்று பிளாடருக்கு அலைந்த ஏஜண்ட் அண்ணாச்சி புலம்பினார்.

பந்து வெளியே போகாவிட்டால் என்ன செய்வது என்பதற்கும் அவரிடம் ஒரு வழி இருந்தது. கோலில் நின்றவன் செய்யது, காயல்பட்டினத்து முஸ்லிம் பையன். மணிக்கு நிற்க வேண்டிய கடமை அவனுக்கு இல்லை. மாஸ்டர் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை நான் கேட்டேன்.

"மணி அடிச்சா நீதாம்லே டீமு."

"அம்புட்டுப் பேருக்கும் நான் ஒருத்தனா மாஸ்டர்?"

"ஒரு நிமிசந்தாம்லே. அவனுவ வந்துருவானுவ."

அந்த வருஷத்தின் கடைசி ஆட்டம், ஒவ்வொரு வருஷமும் எங்களைத் துவைத்து எடுக்கிற பெரிய கல்லூரியோடு. தோற்றால் மாஸ்டர் சாத்தான்குளம் போக வேண்டியதுதான் என்று எல்லாருக்கும் தெரியும். ஆளுக்கொரு கோல் போட்டுச் சமமாக நின்றது. மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். சவரிமுத்து பந்தை வெளியே அடித்தான். அது எதிரணிக்காரன் ஒருவன் முழங்காலில் பட்டு உள்ளேயே திரும்பிவிட்டது. மணி அடித்தது.

எங்கள் பையன்கள் நின்றார்கள். நிற்காத இரண்டொருவர் தூரத்தில் இருந்தார்கள். எதிரணியின் முன்வரிசை முழுவதும் பந்தோடு வந்தது. செய்யது கோலை விட்டு ஓடிவந்து அவர்கள் கால்களுக்குள் விழுந்தான். பந்தை வயிற்றுக்குள் வைத்துக்கொண்டு, முட்டை மேல் உட்கார்ந்த கோழி மாதிரி சுருண்டுகொண்டான். உதைத்தார்கள், இழுத்தார்கள். அவன் கையை எடுக்கவில்லை. மாஸ்டர் தொப்பியை இரண்டு கையாலும் கசக்கியபடி, "வந்துருவானுவலே, வந்துருவானுவ" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசி மணி ஓய்ந்ததும் சவரிமுத்துவும் மற்றவர்களும் சிலுவை போட்டுக்கொண்டு பாய்ந்து வந்தார்கள். செய்யது எழுந்தபோது உதட்டில் ரத்தம்.

நான் திரும்பிப் பார்த்தேன். என் பக்கத்தில் ஏஜண்ட் அண்ணாச்சி கண்ணை மூடி, தலை குனிந்து, தொப்பியை நெஞ்சில் வைத்துக்கொண்டு நின்றார். கண்ணைத் திறந்ததும் பதறிப்போய்க் கேட்டார்.

"என்னாச்சு சார், கோல் போட்டுட்டானா?"

"இல்லை அண்ணாச்சி. செபம் முடிந்ததா?"

அவர் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டார். ஆட்டம் சமமாகவே முடிந்தது. அடுத்த கமிட்டிக் கூட்டத்தில் மாஸ்டரின் வேலையைப் பற்றி முதல்வர் பேச்செடுத்தபோது, "அதுல பேச என்ன இருக்கு? அந்தக் கோலிப் பையனுக்கு நல்லதா ஒரு ஜோடிக் கையுறை வாங்கணும். அதப் பேசுங்க" என்றார் அண்ணாச்சி.

அதன்பிறகு வெற்றி வந்து குவிந்தது என்று எழுத ஆசைதான். குவியவில்லை. பாதி ஜெயித்தோம், பாதி தோற்றோம். மாஸ்டர் கடைசிவரை எதிரணியின் நல்ல கோலுக்குக் கைதட்டிக்கொண்டே இருந்தார்.

அன்று சாத்தான்குளத்து உறவுகள் வந்து சேர நேரமாகிவிட்டது. பாடையை எடுக்கும்போதே வெயில் தாழ்ந்திருந்தது. பழைய ஆட்டக்காரர்கள் தோள் கொடுத்தார்கள். முன்னால் ஒரு பக்கம் சவரிமுத்து, மறுபக்கம் செய்யது. சுடுகாட்டுக்குத் திரும்புகிற முக்கில் மாதா கோயில் மணி அடித்தது. அவர்கள் கால்கள் நின்றன. முன்னால் சேகண்டி அடித்துக்கொண்டு போனவரும் திரும்பிப் பார்த்துவிட்டுக் கையை இறக்கினார். மாஸ்டரின் அண்ணன் பதறினார்.

"ஏலே, நடுவழியில நிக்கப்படாது. நடங்க."

"மணி முடியட்டும் அண்ணாச்சி" என்றான் சவரிமுத்து.

நான் செய்யதுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தால் அவன் ஒருவன் மட்டும் நிற்கக் கூடாது என்பது மாஸ்டரின் கட்டளை. அணியில் ஆடிய காலத்தில் ஒருநாளும் அவன் நின்றதில்லை. அன்று நின்றான். காக்க வேண்டிய எதுவும் அவனிடம் மிச்சம் இல்லை. பாதிச் சவர முகத்தோடு தெருவில் நின்று நான் வாய்விட்டு அழுதேன்.

நான் எந்தக் கோயிலுக்கும் அதிகம் போகாதவன். இப்போதெல்லாம் மாலையில் அந்த மணி கேட்டால் கையில் இருப்பதை வைத்துவிட்டு நின்றுவிடுகிறேன். "எந்தச் சாமிக்கு நிக்கிய?" என்று என் மனைவி கேட்டாள். நமது டிரில் மாஸ்டருக்கு என்றேன். அவருக்கு இன்னும் ஒரு வருஷம் கொடுக்கலாமா என்று மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசியவர்கள் நாங்கள். இனி அவருக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது அந்த ஒரு நிமிஷம்தான்.