அமாவாசை ஜெபத்துக்கு ஒரு நாள் முன்னதாகப் போனவன்

முதலில் காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முதுகெலும்பு இறுகிப்போகும் வாத நோய். இருபத்து மூன்று வயதில் ஆரம்பித்தது. இந்தப் பயணம் போன 2006-இல் எனக்கு இருபத்தேழு. வலது இடுப்பு மூட்டு தேய்ந்து, குனிந்து ஷூ மாட்ட முடியாத நிலை. மூட்டு மாற்று ஆபரேஷன் செய்துகொள் என்று டாக்டர் சொல்லி எட்டு மாதம் ஆகியிருந்தது. நான் தேதி வாங்கவில்லை. கடவுளே நேரடியாகச் சரிசெய்துவிட்டால் கத்தி தேவையில்லையே என்பது என் எண்ணம். இதைப் படிக்கிற பலருக்கும் அதே எண்ணம் இருக்கும் என்பதால் வெட்கப்படாமல் எழுதுகிறேன்.

நான் பிறந்ததே கிறிஸ்தவக் குடும்பத்தில்தான். ஆனால் நான்கு வருட வலியில் ஜெபம் பழக்கமாகி, பழக்கம் எரிச்சலாகி, அம்மா முழங்கால் போடும்போது நான் டிவி ரிமோட்டைத் தேடுகிற அளவுக்கு வந்திருந்தேன். தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறவன் நான். எதைப் போட்டாலும் ஒன்றும் வெளியே வராத இயந்திரத்தை நிறுத்திவிடுவதுதான் என் வேலை. அப்போது உடன் வேலை செய்யும் நண்பன் சொன்னான்: காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் ஞானமுத்து என்ற நெசவாளி வீட்டில், நெடுநாள் நோயாளிகளுக்கு மாதம் ஒரு ஜெபக்கூட்டம் நடக்கிறது, அமாவாசையன்று.

"அமாவாசையில ஜெபமா? என்னடா சபை அது?" என்றார் அம்மா. எனக்கும் சிரிப்பாகத்தான் இருந்தது. இருந்தாலும் ஆபீஸ் காலண்டரில் தேதி பார்த்து, ஒரு வியாழக்கிழமை லீவு போட்டுக் கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போகிற பஸ். காலை 7.10-க்கு ஏறினேன். சுமார் 55 கிலோமீட்டர், டிக்கெட் 18 ரூபாய், ஒன்றே முக்கால் மணி நேரம். இடுப்பு வலி உள்ளவர்கள் கடைசி வரிசையில் உட்காரவே வேண்டாம். முன்படிக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் காலை நீட்ட இடம் கிடைக்கும். ஐயம்பேட்டை தாண்டியதும் கொஞ்ச தூரம் சாலை மோசம், கம்பியைப் பிடித்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோ முப்பது ரூபாய். டிரைவர் நாற்பது கேட்டார். நான் இறங்குவதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தைப் பார்த்துவிட்டு அவராகவே பத்தைத் திருப்பிக் கொடுத்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

தெருவில் நுழைந்ததுமே ஏதோ தப்பு என்று புரிந்தது. வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். ஜெபக்கூட்டத்துக்கான அடையாளமே இல்லை. ஞானமுத்துவின் மனைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நாளைக்கிதானேப்பா கூட்டம்? அவரு எதிர்வீட்டுல பாவு பிணைச்சிக்கினு இருக்காரு, போய்ப் பாரு" என்றார்.

எதிர்வீட்டில், தறி ஒன்றின் பின்பக்கம், பலகையில் உட்கார்ந்திருந்தார் ஞானமுத்து. வயது நாற்பத்தைந்து இருக்கும். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. சேலை நெய்து முடிந்ததும் பழைய பாவின் இழை நுனிகளைத் தறியிலேயே விட்டுவைப்பார்களாம். புதுப் பாவின், அதாவது சேலையின் நீளவாட்டில் ஓடும் நூல்களின், இழைகளை ஒவ்வொன்றாக அந்த நுனிகளோடு சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு முறுக்க வேண்டும். அதுதான் அவர் வேலை. ஒரு பாவுக்கு நாலாயிரத்துக்கு மேல் இழை. கடிகாரம் வைத்துப் பார்த்தேன், நிமிடத்துக்குப் பதினாறு.

"காலண்டர்ல இன்னிக்குத்தாண்ணே அமாவாசைன்னு போட்டிருந்தது" என்றேன்.

பக்கத்தில் நின்றிருந்த அந்த வீட்டுத் தறிக்காரர் சத்தமாகச் சிரித்தார். "எத்தினி மணிக்குன்னு பாத்தியாப்பா? மதியம் மூணு இருவதுக்கு மேலதான் அமாவாசையே பொறக்குது. தறிக்கு லீவு நாளைக்கித்தான். கிறிஸ்டியன் பையன், பாவம், காலண்டர் பாக்கத் தெரியல."

"எனக்கு மட்டும் தெரியுமா?" என்றார் ஞானமுத்து, கையை நிறுத்தாமல். "இவன் தறி நின்னா அமாவாசைன்னு தெரிஞ்சிக்குவேன்."

காரணம் இவ்வளவுதான். நெசவாளிகளுக்கு மாதத்தில் ஒரே ஒரு முழு விடுமுறை அமாவாசை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போகிறவர்களும் திரும்பி வந்ததும் தறியில் இறங்கிவிடுவார்கள். தெருவே ஓய்ந்திருக்கும் அன்றுதான் உட்கார்ந்து பேச முடியும், பேசினால் காதில் விழும்.

நான் சுற்றி வளைக்கிற ஆள் இல்லை. "கால் போய் எத்தனை வருஷம்ணே?"

"பதினொண்ணு. சக்கரைப் புண்ணு."

"ஜெபம் பண்ணி என்ன ஆச்சு?"

"கால் மொளைக்கல" என்றார். தறிக்காரர் மறுபடியும் சிரித்தார். ஞானமுத்துவும் சிரித்துவிட்டுச் சொன்னார்: "மொத ரெண்டு வருசம் யார்கூடவும் பேச்சே கெடையாதுப்பா. பொண்டாட்டி சோறு வெச்சா தட்டைத் தள்ளிவுட்ருவேன். ஒரு நாளு எங்க ஐயரு வந்து ஜெபம் பண்ணலாமான்னாரு. எனக்கு ஒண்ணும் வேணாம், இதோ இவன் பொண்ணு காமாலைல கெடக்குது, அதுக்குப் பண்ணுங்கன்னேன். நீயே பண்ணுடான்னுட்டு எழுந்து போய்ட்டாரு. கடுப்புலதான் பண்ணேன். அன்னிக்கி சோறு எறங்கிச்சி." (ஐயர் என்று அவர்கள் சொல்வது சபைப் போதகரை.)

"பொண்ணு?"

"ரெண்டு புள்ள பெத்துட்டா" என்றார் தறிக்காரர். "அதுக்குன்னு இவரு இன்னும் என்கிட்ட காபி வாங்கிக் குடிச்சிக்கினே இருக்காரு."

பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு லாட்ஜில் தங்கினேன். அறை 250 ரூபாய். கட்டில் மிகத் தாழ்வு, மேற்கத்திய கழிப்பறை இல்லை. மூட்டு நோயாளிகள் முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது.

மறுநாள் காலை பத்தரைக்குப் போனபோது தெருவில் ஒரு தறியும் ஓடவில்லை. ஞானமுத்துவின் வீட்டில் பதினோரு பேர், பாய், மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. ஒரு நாற்காலி எனக்கு. நெற்றியில் குங்குமத்தோடு இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். ஒரு பாட்டு, ஒரு வேதவாசிப்பு. பிரசங்கம் கிடையாது. பிறகு அங்குள்ள ஒரே விதியைச் சொன்னார்கள்: யாரும் தன் நோய்க்காக ஜெபிக்கக் கூடாது. இடது பக்கம் இருப்பவரிடம் கேட்டு, அவருக்காக ஜெபிக்க வேண்டும். வலது பக்கம் இருப்பவர் நமக்காக.

எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு தூரம் வந்தது என் இடுப்புக்காக. ஓரத்து நாற்காலியில் இருந்த என் இரண்டு பக்கமும் ஆள் இல்லாததால், எஸ்தர் என்ற பெண்ணோடு என்னை ஜோடி சேர்த்தார்கள். முப்பத்தைந்து வயது, ஜரிகை சுற்றும் வேலை. மார்பில் புற்றுநோய் இரண்டாம் முறை வந்து சிகிச்சையில் இருந்தார். தலையில் முக்காடு.

என் நோயை ரிப்போர்ட் மாதிரி ஒப்பித்தேன். ரத்தப் பரிசோதனை எண், மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, எல்லாம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஆப்ரேசன் எப்போப்பா?" என்றார்.

"இன்னும் முடிவு பண்ணலக்கா."

"டாக்டரு?"

"அவர் எட்டு மாசம் முன்னாடியே சொல்லிட்டார்."

"அப்போ இடுப்புக்கு ஜெபம் பண்றது அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். "நீ பயந்துக்கினு இருக்கற. அத சாமிகிட்ட சொல்லலாமா, கோச்சிக்க மாட்டியே?"

நான்கு வருடத்தில் வலியைப் பற்றி எல்லோரிடமும் பேசியிருக்கிறேன். பயம் என்ற சொல்லை அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை. தலையை மட்டும் ஆட்டினேன்.

என் முறை வந்தது. அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். நாலு மாதமாகத் தூக்கம் இல்லை, அதைக் கேள் என்றார். அழகான ஜெபம் எதுவும் எனக்கு வரவில்லை. "ஆண்டவரே, இந்த அக்கா நாலு மாசமா தூங்கல. தூங்க வையுங்க. ஆமென்" என்றேன். இரண்டே வாக்கியம். ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு நான் உண்மையாகக் கேட்ட ஜெபம் அது. கேட்கும்போதே, கேட்கப்படுகிறது என்ற நிச்சயம் எனக்கு வந்தது. அளவுகோல் வைத்து நிரூபிக்க முடியாது. ஆனால் எனக்கு அதில் சந்தேகமில்லை. பிறகு எஸ்தர் என் பயத்தைப் பெயர் சொல்லி ஜெபித்தார். நான் அழுதேன். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஞானமுத்துவின் மனைவி உப்புமா தட்டைக் கையில் கொடுத்தார்.

அடுத்த வாரமே தேதி வாங்கினேன். ஆறு வாரத்தில் வலது மூட்டு மாற்றியாயிற்று. மயக்க மருந்து கொடுப்பதற்கு முன் பயம் வந்தது. வந்தது என்று கிறிஸ்துவிடம் சொன்னேன், தனியாக இல்லை என்று தெரிந்தது. நோய் போய்விடவில்லை, முதுகு இன்றும் காலையில் ஒரு மணி நேரம் பலகைதான். எஸ்தர் அக்காவுக்குச் சில நாள் தூக்கம் வருகிறது, சில நாள் வருவதில்லை. அவருக்காகத் தினமும் ஆண்டவரிடம் கேட்கிறேன்.

போக நினைப்பவர்களுக்கு: தினசரி காலண்டரில் அமாவாசை என்ற சொல்லை மட்டும் பார்க்காதீர்கள், பக்கத்தில் உள்ள நேரத்தையும் பாருங்கள். காணிக்கை வாங்க மாட்டார்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள். நிறுத்தினேன் என்று ஒருவர் பெருமையாகச் சொன்னதற்கு ஞானமுத்து விட்ட திட்டை இங்கே எழுத முடியாது. பெயர்களை மாற்றியிருக்கிறேன், வழி வேண்டுமானால் பின்னூட்டத்தில் கேளுங்கள். உங்கள் நோயைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும், பக்கத்தில் இருப்பவரின் நோயைக் கேட்க அரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது இடது இடுப்பும் தேய்ந்துவிட்டது. போன வாரம் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், இன்னும் ஆறு மாதம் யோசித்துச் சொல்லுங்கள் என்றார். அடுத்த மாதமே தேதி கொடுங்கள் என்றேன்.